எல்லாத்துக்கும் அண்ணன் நம்பர்

அத்தியாயம் பதினொன்று

ரெண்டு ராத்திரி என்று சொல்லிக் கூட்டி வந்துவிட்டு நாலு ராத்திரிக்கு அறை போட்டிருக்கிறான் அண்ணன். போன வாரம் சின்னவளை இந்த இடத்தில்தான் விட்டோம், முகத்தில் ஈயாடாமல். அதற்கப்புறம் அவள் தூங்கினாளா என்று கேட்பவர்களுக்குப் பதில்: இல்லை. மெத்தை என்னவோ நல்ல மெத்தைதான். பாயின்ட் கொடுத்து மெத்தை வாங்கலாம், தூக்கத்தை எந்தப் பாயின்டில் வாங்குவது?

இன்றைக்குத்தான் புதிதாக வந்து உட்கார்கிறீர்கள் என்றால் உங்களுக்கும் ரெண்டு வார்த்தை.

சின்னவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளை இறக்குகிற ராட்சதக் கிரேன். அதன் உச்சியில் ஒரு கண்ணாடி அறை, அதற்குள் இவள். கூட வேலை செய்கிறவர்கள் 'மாடிவீட்டுக்காரி' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். கடல் தாண்டி இதைவிடப் பெரிய துறைமுகம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருப்பதாக மெயில் வந்திருக்கிறது. நாளைக் காலை உள்ளூரிலேயே இருக்கிற அந்தக் கம்பெனி ஆபீசில் நேரில் போய் நிற்க வேண்டும். நின்றால் வேலை அவளுக்கு, நிற்காவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்கு. வீட்டில் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. இன்றைக்குத் திரும்பிவிடலாம், காலையில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

ஆனால் இந்த ரிசார்ட் இருப்பது ஒரு தீவில். கரைக்குப் போக ஒரே ஒரு படகு, அதுவும் மத்தியானம் ஒரே ஒரு தடவை. மூணு மணிக்கு அதை விட்டால் நாளை மத்தியானம்தான்.

காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் அண்ணன் தட்டை மலையாக நிரப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அண்ணன் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறான். வண்டியை அடுத்தவர் ஓட்டுவார், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தன் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு இவன் அழுத்துவான். வீட்டிலும் அதே தொழில்தான்.

"சாப்பிடு குட்டி. எல்லாம் ஓசி. நம்ம பாயின்ட்."

"நீ ஏன் நாலு நாள் போட்ட?"

"அப்பாவுக்கு நல்லா இருக்குல்ல? பாரு முகத்தை."

அப்பா முகத்தைப் பார்த்தால் அதற்கு மேல் பேச வாய் வராது. அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இந்த ரிசார்ட்டின் வெந்நீர்க் குளத்தில் இறக்கிவிட்ட முதல் நாளே அந்த வலது கால் லேசாக உதைத்தது. அப்பா கத்திய கத்தலில் பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் கரையேறிவிட்டார்கள்.

அண்ணி வந்தாள். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், ஒரு மாத்திரையை வீணாக்க மாட்டாள். கைப்பை ஏற்கெனவே உப்பியிருந்தது.

"அண்ணி, இன்னிக்கும் சோப்பா?"

"வைக்கறாங்க, எடுக்கறேன். நாம எடுக்கலன்னா அவங்களுக்குத்தான் மனசு கஷ்டமா இருக்கும்." உட்கார்ந்து ஜாம் சீசா ஒன்றைப் பைக்குள் தள்ளினாள். "நீ ஏன் ராத்திரி பூரா முழிச்சிருந்த? கதவிடுக்குல வெளிச்சம் தெரிஞ்சுது."

"தூக்கம் வரல."

அண்ணி அவளைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள்.

இந்தப் பாயின்ட் வந்த கதையைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு மண்டை குடையும். அந்த வீட்டில் யார் எங்கே எதை வாங்கினாலும், பில் போடுகிறவர் "நம்பர் சொல்லுங்க" என்றால், எல்லார் வாயிலும் அண்ணன் நம்பர்தான். சூப்பர் மார்க்கெட்டா? அண்ணன் நம்பர். பெட்ரோல் பங்கா? அண்ணன் நம்பர். அப்பாவின் சக்கர நாற்காலியா? அதுவும். 'பாயின்ட் சிதறக் கூடாது' என்பது அண்ணன் போட்ட சட்டம். வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுச் சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் சொல்வார்கள்.

ஆனால் ஆதியில் அந்தக் கார்டு போட்ட அன்று கடை வரிசையில் நின்றவள் சின்னவள். கேட்ட பேருக்குத் தன் பேரைச் சொன்னாள், கேட்ட நம்பருக்கு அண்ணன் நம்பரைச் சொன்னாள். அதனால் மெம்பர் இவள், நம்பர் அவனுடையது. இவள் அடையாள அட்டையைக் காட்டாமல் ரிசார்ட்டில் கதவு திறக்காது. அவன் போனுக்கு ஓடிபி வராமல் ஒரு துரும்பும் அசையாது. ரெட்டைக் கன்றுகளை ஒரே கயிற்றில் கட்டின மாதிரி.

வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் வாங்கிப் போட்டவள் அவள்தான். அத்தனை வருஷப் பாயின்டும் அவள் தூக்கி வந்த பைகளில் சேர்ந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டாள்.

அவள் நேரே ரிசப்ஷனுக்குப் போனாள்.

அங்கே இருந்த பெண் கொண்டை போட்டு, சிரிப்பை முகத்தில் ஒட்டி வைத்திருந்தாள். எதைக் கேட்டாலும் "கண்டிப்பா மேடம்" என்றுதான் ஆரம்பிப்பாள். முடிவில் ஒன்றும் நடக்காது.

"நான் மட்டும் இன்னிக்குக் கிளம்பணும்."

"கண்டிப்பா மேடம். எல்லாருக்கும் சேர்த்துப் படகு சொல்லிடட்டுமா?"

"இல்ல, நான் மட்டும். மத்தவங்க இருப்பாங்க."

"மேடம், இது பாயின்ட்ல போட்ட ரூம். மெம்பர் தங்கணும். நீங்க கிளம்பினா ரூமும் போயிடும். அவங்க உங்க கெஸ்ட்தானே."

சின்னவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். வந்த அன்று மாட்டிய நீலப் பட்டை. அறைக் கதவு திறக்க, சாப்பிட, குளத்தில் இறங்க எல்லாவற்றுக்கும் அதுதான். கழற்ற முடியாது. கிளம்பும்போது இவர்களே கத்தரியால் வெட்டுவார்கள். துறைமுகத்தில் அவள் உட்கார்கிற கண்ணாடி அறை இந்த ரிசார்ட் அறையில் கால்வாசி இருக்காது, ஆனால் இறங்க ஏணி உண்டு.

"வேற வழியே இல்லையா?"

"இருக்கே மேடம்! குடும்பத்துல இன்னொருத்தர் பேருக்கு மாத்திடலாம். ஒரு நிமிஷ வேலை. உங்க போனுக்கு ஓடிபி வரும், அதைச் சொன்னா போதும். நம்பர் சொல்லுங்க மேடம்?"

வாய் தானாகத் திறந்து, ராகத்தோடு, அண்ணன் நம்பரைச் சொல்லி முடித்தது. அப்புறம்தான் மனசுக்கு உறைத்தது.

"இப்ப அனுப்பாதீங்க," என்றாள். "வரேன்."

அண்ணனிடம் கேட்கத் துணிவு வருவதற்குள் மணி ரெண்டைத் தாண்டிவிட்டது. குளத்தில் அப்பா காற்றடைத்த வளையத்துக்குள் மிதந்துகொண்டிருந்தார். கரையில் சாய்வு நாற்காலியில் அண்ணன். கழுத்தில் கயிறு, கயிற்றில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் போன். போன் நனையக் கூடாது என்று ரிசார்ட்டில் கொடுத்த உறை. அதையும் ஓசி என்று விடாமல் மாட்டிக்கொண்டிருந்தான். அண்ணி துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிக்கிற வேகத்தைப் பார்த்தால் அதிலும் ரெண்டு வீட்டுக்கு வரும் போலிருந்தது.

"அண்ணா, உனக்கு ஒரு ஓடிபி வரும். அதை மட்டும் சொல்லு."

"எதுக்கு?"

"ரூமை உன் பேருக்கு மாத்தறேன். எனக்கு நாளைக்குக் காலையில ஷிப்ட். வேற ஆள் இல்லைன்னு கூப்பிட்டாங்க."

"யார் கூப்பிட்டாங்க?"

"சூப்பர்வைசர்."

அண்ணன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதே குட்டி. புது வேலைக்குப் போறேன்னு நேரா சொல்லிடேன்."

துண்டு மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. குளத்தில் அப்பாவின் தலை திரும்பியது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உன்னைத் தேடி அவங்க எந்த நம்பருக்குக் கூப்பிடுவாங்க? நீ குடுத்த நம்பருக்குத்தானே?"

ஐயோ! வேலைக்கு விண்ணப்பித்தபோது நம்பர் கேட்ட இடத்திலும் கை அதே ராகத்தில் எழுதியிருக்கிறது. உலகத்தில் வேறு எவளாவது இப்படிச் செய்வாளா? வீட்டுக்குத் தெரியாமல் ஓடப் பார்த்தவள், ஓடுகிற விலாசத்தை வீட்டுக்கே கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"என்ன சொன்ன அவங்ககிட்ட?"

"நீ வரலைன்னு சொன்னேன்."

சின்னவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

"அவங்க ஒத்துக்கல," என்றான் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு. "நேத்து மறுபடி கூப்பிட்டாங்க. உன் வாயால சொல்லணுமாம். இன்னிக்கு இன்னொரு தடவை கூப்பிடுவாங்களாம். அதுலயும் வரலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. வரட்டும் கால். நீ இங்கயே இரு. நீயே எடுத்து வேண்டாம்னு சொல்லிடு. பிரச்சினை முடிஞ்சுது."

"வரேன்னு சொன்னா?"

"சொல்லேன். சொல்லிட்டு எப்படிப் போவ? நீந்தியா?"

இருதலைக்கொள்ளி எறும்பு என்று சும்மாவா சொன்னார்கள்! போனுக்காகக் காத்திருந்தால் படகு போய்விடும், நாளைக் காலை நேரில் நிற்க முடியாது. படகைப் பிடித்தால் போன் அண்ணன் கழுத்தில் இருக்கும், அவன் சொல்வதுதான் பதில். அதுவும் ஓடிபி இல்லாமல் படகேறினால் அப்பாவை இந்தக் குளத்திலிருந்து தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள். தன் போனை எடுத்து அந்தக் கம்பெனி ஆபீசுக்கு அடித்துப் பார்த்தாள். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று ஒரு குரல் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. பாட்டு முடிந்ததும் மறுபடி முக்கியம், மறுபடி பாட்டு.

"ஏன்ணா?" என்றாள். "என்கிட்டக் கேட்டிருக்கலாமே. இரு குட்டின்னு சொல்லியிருக்கலாமே. தீவுல கொண்டு வந்து பூட்டணுமா?"

அண்ணன் பேசியபோது குரல் டிரைவிங் ஸ்கூல் முதலாளியின் குரலாக இல்லை.

"போன மாசம் நீ நைட் ஷிப்ட்ல இருந்தப்ப, பாத்ரூம்ல அப்பாவை விட்டுட்டேன். கை வழுக்கிடுச்சு. அவர் விழுந்தார். உன்கிட்ட அவரும் சொல்லல, நானும் சொல்லல. அன்னியிலேர்ந்து அவரைத் தொட்டாலே என் கை நடுங்குது. நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன், சொல்லு? எனக்குப் பயமா இருக்கு."

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதோடு பாவமாகவும் இருந்தது, அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். வெறும் அயோக்கியனாக இருந்தால் ரெண்டு திட்டு திட்டிவிட்டுப் போய்விடலாம். பயந்துபோன அண்ணனை என்ன செய்வது?

"நீ வெடுக்குன்னு தூக்கற, அதான் வழுக்குது," என்றாள். "எத்தனை தடவை சொல்றது? கிரேன் கயித்துல எடுக்கற மாதிரி முதல்ல தொய்வை எடுக்கணும். உடம்பு உன் கையில வந்து உட்கார்ற வரைக்கும் பொறுக்கணும். அப்புறம்தான் தூக்கணும்."

"உனக்கு வருது. எனக்கு வரல."

"டேய்," என்றது குளம்.

அப்பாதான். அவருக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும், ஆனால் வருவது சுத்தமாக வரும்.

"என்னப்பா? வெளிய வரீங்களா? குட்டி, போய்..."

"அவ வேண்டாம். நீ இறங்கு. இந்த டயரை எடுத்துட்டு நீ பிடி."

"நானா?"

"தண்ணியில எனக்கு எடையே இல்லடா. இங்கயாவது பழகு."

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி வானத்தைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் இறங்கினான். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, வளையத்தைக் கழற்றி, ரெண்டு கையையும் அப்பாவின் முதுகுக்கும் முழங்காலுக்கும் அடியில் கொடுத்தான். கழுத்தில் போன் உறை ஊசலாடியது. பக்கத்து சீட்டுக்காரனை முதல் முறையாக ஸ்டீயரிங்கைப் பிடிக்கச் சொன்ன மாதிரி முழித்தான்.

சின்னவள் கரையோரமாக வந்து குனிந்தாள். அப்பாவின் நல்ல கை, இடது கை, தண்ணீரிலிருந்து மேலே வந்தது. ஆள்காட்டி விரல் வானத்தைப் பார்த்து நின்று சின்னதாக ஒரு வட்டம் போட்டது.

கிரேன் வேலையில் கீழே நிற்கிறவர் மேலே இருப்பவருக்குக் காட்டுகிற சைகை அது. 'தூக்கு' என்று அர்த்தம். பக்கவாதம் வந்த புதிதில் அப்பாவுக்குப் பேச்சே இல்லாமல் இருந்தது. அப்போது சின்னவள் இந்தச் சைகைகளைச் சொல்லிக் கொடுத்து, ரெண்டு பேரும் இவற்றில்தான் பேசிக்கொண்டார்கள்.

"தூக்கணுமாப்பா?"

அப்பா தலையை ஆட்டினார், இல்லை என்று. கண்ணை ரிசப்ஷன் பக்கம் காட்டினார். மறுபடி விரலைச் சுழற்றினார்.

அவளுக்குப் புரிந்தது, அண்ணன் கை ரெண்டும் மாட்டியிருக்கிற இந்த நேரம்தான் நேரம். அண்ணனுக்குப் புரியவில்லை, அவன் கவனமெல்லாம் கையில் இருந்தது. அண்ணிக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

ரிசப்ஷனுக்கு ஓடினாள்.

"இப்ப அனுப்புங்க," என்றாள் கொண்டைக்காரியிடம்.

"கண்டிப்பா மேடம்."

ரிசப்ஷனுக்கும் குளத்துக்கும் நடுவில் ஒரு பெரிய கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து தூரத்து மனுஷர்களைச் சத்தமில்லாமல் பார்ப்பது அவளுக்குப் பழகிய வேலைதான்.

அண்ணன் கழுத்தில் உறை பளிச்சென்று எரிந்தது.

அவன் குனிந்து பார்த்தான். புரிந்துவிட்டது. ஒரு கையை எடுக்கப் போனான். அப்பாவின் வாய் பெரிதாகத் திறந்தது, என்ன திட்டு என்று இங்கே கேட்கவில்லை, ஆனால் எடுத்த கை எடுத்த வேகத்தில் திரும்ப அடியில் போனது. ரெண்டு கையிலும் அப்பா. விட்டால் அப்பா தண்ணீருக்குள். சும்மா நிற்பதைத் தவிர அவனால் ஒன்றும் முடியாது. காலையிலிருந்து அவள் நின்ற நிலை, இப்போது அவனுக்கு.

அண்ணி துண்டும் கையுமாகக் கரையில் நின்றாள். புருஷனைப் பார்த்தாள். அவன் தலையை வேகமாக ஆட்டினான், வேண்டாம் என்று. அண்ணி திரும்பிக் கண்ணாடிப் பக்கம், சின்னவள் பக்கம் பார்த்தாள்.

சின்னவள் போய்விட்டால் அப்பாவின் குளியலும் மாத்திரையும் ராத்திரி விழிப்பும் யார் தலையில் விழும் என்று அண்ணிக்குத் தெரியாதா? எல்லாரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். சின்னவளுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, குனிந்துகொண்டாள்.

"மேடம், ஓடிபி வந்துடுச்சா? கொஞ்ச நேரம்தான் செல்லும்."

"வரும்," என்றாள்.

நிமிர்ந்து பார்த்தபோது அண்ணி கரையில் மண்டியிட்டிருந்தாள். அண்ணன் கழுத்துக் கயிற்றைப் பிடித்து, மாட்டை இழுப்பது மாதிரி அவனைப் பக்கத்தில் இழுத்து, உறையைத் திருப்பிப் படித்தாள். எழுந்து, குளத்தோரத்துத் தூணில் இருந்த போனை எடுத்தாள்.

ரிசப்ஷன் மேஜையில் மணி அடித்தது.

"உங்களுக்குத்தான் மேடம்."

"எண்ணைச் சொல்றேன், வாங்கிக்கோ," என்றது அண்ணி குரல். சொன்னாள். சின்னவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்ல, கொண்டைக்காரி தட்டினாள்.

"அண்ணி..."

"ஒண்ணும் பேசாதே. ஏதோ நான் நல்லவள்னு நினைச்சுக்காதே. தினம் உன்னைத் திட்டிக்கிட்டேதான் மாமாவைப் பார்ப்பேன். காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை."

"திட்டுங்க அண்ணி."

"திட்டத்தான் போறேன். ஓடு, படகு ஊதுது."

கொண்டைக்காரி கத்தரியை எடுத்து நீலப் பட்டையை வெட்டினாள். "மறுபடி வரணும் மேடம்," என்றாள். மணிக்கட்டில் பட்டை இருந்த இடம் வெளுத்திருந்தது.

படகுத்துறையில் படகுக்காரர் மிதவைச் சட்டையை நீட்டினார். கையில் அட்டை, காதில் பென்சில்.

"பேரைச் சொல்லும்மா."

சொன்னாள்.

"போன் நம்பர்?"

வாய் திறந்தது. முதல் எண் வந்தது, ரெண்டாவது வந்தது, ராகமும் கூடவே வந்தது. பல்லைக் கடித்து நிறுத்தினாள். படகுக்காரர் பென்சிலோடு காத்திருந்தார். அவளுக்குத் தன் நம்பர் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அதை யாருக்கும் சொன்னதே இல்லை, அதனால் மனசில் நிற்கவே இல்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"என்னம்மா, நம்பர் இல்லையா?"

"இருக்கு. உங்க நம்பரைச் சொல்லுங்க, மிஸ்டு கால் தரேன். பார்த்து எனக்குச் சொல்லுங்க."

படகுக்காரர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனாலும் சொன்னார். தன் போனில் வந்த எண்ணைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். அவள் உட்கார்ந்து முணுமுணுத்தாள். ஏழு, மூணு, பூஜ்ஜியம்... நடுவில் மறந்தது. மறுபடி கேட்டாள். மறுபடி முணுமுணுத்தாள். பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பித்த பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

படகு கிளம்பியது.

கரையில் குளம் தெரிந்தது. அப்பாவை வெளியே எடுத்திருந்தார்கள். சாய்வு நாற்காலியில் துண்டு சுற்றி உட்கார்ந்திருந்தார். யார் தூக்கியது? அண்ணன்தான் தூக்கியிருக்க வேண்டும், அண்ணியால் அந்த எடை முடியாது. வெடுக்கென்று தூக்கினானா, தொய்வை எடுத்துத் தூக்கினானா? அதைப் பார்க்காமல் போய்விட்டோமே என்று அவளுக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அப்போது அண்ணன் நின்றான். கழுத்து உறையைப் பிய்த்துப் போனை வெளியே எடுத்துக் காதில் வைத்தான்.

அதுவாகத்தான் இருக்க வேண்டும். இன்றைக்கு அவர்கள் கூப்பிடுவதாகச் சொன்னது இதோ வந்துவிட்டது. படகு போய்க்கொண்டிருக்கிறது, போன் அங்கே இருக்கிறது, பதில் சொல்கிற வாய் அண்ணனுடையது.

அண்ணன் ஓடி வந்தான். ஈரக் காலோடு படகுத்துறைப் பலகையில் வழுக்கி, சமாளித்து, விளிம்பு வரைக்கும் வந்து நின்றான். ஒரு கை போனைக் காதோடு அழுத்தியிருந்தது. இன்னொரு கையை ஆட்டி ஆட்டி என்னவோ கத்தினான். இன்ஜின் சத்தத்தில் ஒரு சொல்லும் வரவில்லை.

கையசைவைப் படித்தே சம்பளம் வாங்குகிறவள் அவள். இதைப் படிக்க முடியவில்லை. திரும்பி வா என்கிறானா? வரமாட்டாள் என்று சொல்லிவிட்டேன் என்கிறானா? இல்லை, வேறு எதையாவது கேட்கிறானா?

"என்னம்மா சொல்றாரு?" என்றார் படகுக்காரர்.

"தெரியல."

எழுந்தாள். படகு ஆடியது, கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தொண்டை நரம்பு புடைக்க, அண்ணனைப் பார்த்து, தன் நம்பரைக் கத்தினாள். ராகம் எதுவும் இல்லை. ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்தி. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அண்ணன் கையாட்டுவதை நிறுத்தினான். தலையைச் சாய்த்து, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். அவன் உதடு மெதுவாக, நிறுத்தி நிறுத்தி அசைய ஆரம்பித்தது.